பின்பக்கக் கையெழுத்து

பீட்டர்ஹெட் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன் மர்டோ.
இரவு பத்துக்கு மேல் படகு வராது.
கம்ப்ரஸர் அறையின் சூட்டில் உட்கார்ந்து
ஐஸ் சீட்டுகளைக் கவிழ்த்துப்போட்டுக்
காதல் கதை எழுதுவான்.
முன்பக்கம்: நான்கு டன், படகின் பெயர், தேதி.
பின்பக்கம்: அவள் ஜன்னலைச் சாத்தவில்லை.

பத்தொன்பது கதைகள் மர்டோவாகப் போய்
மர்டோவாகவே திரும்பி வந்தபின்,
பெண் பெயர் என்றால் எடுபடும் என்று யாரோ சொல்ல,
ஒரு ஞாயிறு மதியம் கல்லறைத் தோட்டத்தில்
ஒரு கல்லிலிருந்து பாதியும்
இன்னொரு கல்லிலிருந்து மீதியும் எடுத்து
எல்ஸ்பெத் ரென்னியைச் செய்தான்.

அவளுக்கும் கதைகள் திரும்பத்தான் செய்தன.
ஆனால் கடிதத்தோடு.
"அன்புள்ள அம்மையாருக்கு,
முதல் பக்கத்திலேயே சாவு வந்தால்
எங்கள் வாசகிகளுக்குப் பிடிப்பதில்லை."
சாவை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளினான்.
"மூன்றாம் பக்கத்திலும்."
யாரையும் சாகவிடாமல் ஒன்று எழுதினான்.
நாய் மட்டும் கொஞ்சம் நொண்டியது.
எடுத்துக்கொண்டார்கள்.

போகவும் வரவும் தபால்தலை, உறை, ரிப்பன்,
டைப்ரைட்டரில் ஓர் எழுத்து ஒடிந்தபோது
அபர்டீனுக்குப் பஸ் கட்டணம்.
ஆறு வருடத்தில் முப்பத்தொன்பது பவுண்டு போயிருந்தது.
வந்த காசோலை இருபத்திரண்டு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஆனாலும் அன்று காலை
வேலை முடிந்து போகிறவன்
கடற்பறவைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு நடந்தான்.

"யார் இந்த அம்மாள்?"
வங்கியில் மிஸ் இன்னெஸ் கண்ணாடியை இறக்கினாள்.
"தெரிந்தவர்."
"பின்பக்கம் கையெழுத்துப் போட்டு
உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்."

டைப் அடித்த பெயருக்கு ஏது கையெழுத்து?
எந்தப் பக்கம் சாய்வாள்?
வேகமாகப் போடுகிறவளா,
ஒவ்வொரு எழுத்தாக யோசிக்கிறவளா?
நாற்பது முறை எழுதிப் பார்த்தான்.
நாற்பதிலும் கோடாரி பிடித்த கைதான் தெரிந்தது.
தாளை அடுப்பில் திணித்தான். கரி ஈரம்.

காலையில் சாம்பல் அள்ள வந்தாள் வில்மா.
பாதி கருகிய தாளில் ஒரு பெண்ணின் பெயர்,
மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே.
வாளியைத் தரையில் வைத்தாள்.
"எத்தனை நாளாக?"
"ஆறு வருஷம்" என்றான்,
கேள்வி வேறு என்று புரியாமல்.

இதை எல்ஸ்பெத் எழுதியிருந்தால்
மழை, கண்ணீர், மன்னிப்பு,
எப்படியும் மூன்று பக்கம் போயிருக்கும்.
இங்கே கெட்டில் கொதித்து அடங்கும் நேரம்தான்.
சீட்டுகள் நிறைந்த பிஸ்கட் டப்பா மேசைக்கு வந்தது.
பத்திரிகை வந்தது. காசோலையும்.
வில்மா நின்றபடியே படித்தாள்.
நாய் வரும் இடத்தில் உட்கார்ந்தாள்.
முடித்துவிட்டுச் சொன்னாள்:
"மோதிரத்தோடு மாவு பிசைகிறாள்.
எவளும் அப்படிச் செய்யமாட்டாள்."

பிறகு,
"நீ ரொம்ப அழுத்துகிறாய். கொடு இங்கே."
காசோலையைத் திருப்பி
ஒரே மூச்சில் போட்டாள், எல்ஸ்பெத் ரென்னி.
கடைசி எழுத்தின் வால்
தாளின் விளிம்புவரை ஓடிப்போய் நின்றது.
வில்மாவின் சொந்தக் கையெழுத்தில்
அந்த வால் கிடையாது.

"அழகான கை" என்றபடி
மிஸ் இன்னெஸ் எண்ணிக் கொடுத்தாள்.
பதினொன்று வில்மாவுக்கு, கையெழுத்துக் கூலி.
ஒன்பது, நிலக்கரிக்காரன் பாக்கி.
எழுத்தாளருக்கு இரண்டு.
அதில் ஒரு ரிப்பன், கொஞ்சம் தபால்தலை.

அடுத்த கதை பாதியில் நிற்கிறது.
பிசைவதற்கு முன் மோதிரத்தை
எங்கே கழற்றி வைப்பாள்?
விடிந்ததும் கேட்க வேண்டும்.
பத்து மணிக்கு மேல் வரவே கூடாத படகு ஒன்று
வெளியே ஹார்ன் அடிக்கிறது.
ஆறு டன் வேண்டுமாம்.